எல்லார் முகத்திலும் கயல்

மன்னார்குடி
22.1.2023

தம்பி அறிவுச்செல்வனுக்கு அக்கா கண்ணாத்தாள் எழுதுவது.

இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பனிக்கு முட்டி வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். உன் உடம்பு எப்படி? உப்பளத்தில் நின்றால் பாதம் வெடிக்கும் என்கிறார்கள், எண்ணெய் தடவிக்கொள். பிரகதீஸ்வரியைக் கேட்டதாகச் சொல். உன் கல்யாணத்துக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க மாட்டேன். என்னைக் கூப்பிட்டால் பந்தியில் யார் உட்காருவார்கள், எனக்குத் தெரியாதா. அவள் முகத்தை ஒருநாள் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை.

இந்தக் காலத்தில் என்ன லெட்டர் என்று நினைப்பாய். போனைக் கையில் தொட எனக்கு மனசு வரவில்லை. கயல் பிணவறையில் கிடந்தபோது எவளோ ஒரு புண்ணியவதி கையில் கொடுத்த டீயை நான் குடித்ததைத்தானே போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். "மகள் பிணவறையில், தாய் டீக்கடையில்." அதற்கு அப்புறம் விஷத்தாய் என்று பேர் வைத்தார்கள். கோர்ட்டில் விட்டுவிட்டார்கள், ஆனால் பேரை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. காய்கறிக் கடையில் நின்றால் இன்னும் ஒருத்தி இன்னொருத்தி காதில் சொல்கிறாள்.

ஒரு நல்ல சேதி. நான் இப்போது படம் வரைகிறேன். சிரிக்காதே. அஞ்சாம் வகுப்பு வரை நான் ஒரு பூசணிக்காய்கூட வரைந்தது இல்லை. திருச்சி ஜெயிலில் எனக்குச் சமையல் கூடத்தில் வேலை. அடுப்புக் கரியை எடுத்து வந்து, துணி துவைக்கிற தரையில் கயல் முகத்தைப் போடுவேன். மறந்துவிடக் கூடாது என்றுதான். தண்ணீர் ஊற்றினால் போய்விடும், மறுநாள் திரும்பப் போடுவேன். பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பொம்பளை, என் அம்மாவையும் போடு கண்ணாத்தா, அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது என்றாள். நான் உன் அம்மாவைப் பார்த்ததில்லையே என்றேன். நெத்தி என்னோடதுதான், அதைப் பார்த்துப் போடு என்றாள். போட்டேன். அவள் அந்த ஈரத் தரையிலேயே விழுந்து அழுதாள். அங்கேயிருந்து ஆரம்பித்ததுதான்.

இங்கே புகழேந்தி என்று ஒருத்தர் பேனர் கடை வைத்திருக்கிறார். பகுத்தறிவுக் கட்சிக்காரர். நம் பக்கத்தில்தான் கருமாதிக்குப் பதில் படத்திறப்பு வைக்கிறவர்கள் நிறைய ஆச்சே. ஆனால் வயல் வேலை செய்து செத்துப்போன கிழவிகளுக்கு ஏது படம்? ஆதார் கார்டு ஒன்றுதான். அதைப் பெரிசாக்கினால் செத்தவங்களே பயந்து ஓடிடுவாங்க என்பார் புகழேந்தி. அந்த வீட்டுக்காரர்களை என்னிடம் அனுப்புகிறார். நான் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பேன். நெற்றி மகளிடம் இருக்கும், காது மகனிடம் இருக்கும், மோவாய் எந்தப் பேத்தியிடமாவது இருக்கும். எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு முகமாக்கி, கண்ணை மட்டும் கடைசியில் வைப்பேன். இதுவரை ஏழு பேரை வரைந்தாயிற்று.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கயலை ஒழுங்காக ஒரு தாளில் வரைய வேண்டும். வீட்டில் இருந்த படத்தையெல்லாம் அவள் அப்பா, உன் மாமா, வயலில் போட்டுக் கொளுத்திவிட்டுக் கேரளாவுக்குப் போய்விட்டார். ஆதாரில் இருப்பது அஞ்சு வயசு முகம், மொட்டைத் தலையோடு அழுதுகொண்டு. பேப்பரில் அவள் முகத்தை மறைத்துத்தான் போட்டார்கள், அது சட்டமாம். என் முகத்தை மறைக்க ஒரு சட்டமும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேனில் என் மடியில் கிடந்தபோது அவள் ஒன்று சொன்னாள். "மாமா இன்னிக்கு என்னய போட்டோ எடுத்துச்சும்மா, தலப்பாகட்டு கட்டி." அந்தப் படம் உன் போனில்தானே இருக்கும். ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு அனுப்பு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா கண்ணாத்தாள்


கோடியக்கரை
19.2.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முட்டி வலிக்கு ஆஸ்பத்திரியில் காட்டு, தைலத்தோடு விட்டுவிடாதே. நீ படம் வரைவது எனக்குச் சந்தோஷம்.

நீ கேட்ட போட்டோ இல்லை அக்கா. அந்தப் போன் போன வருஷம் பாத்தியில் உப்புத் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போய்விட்டது. இப்போது உப்பு எடுக்கிற சீசன், விடிவதற்கு முன்னால் போனால் இருட்டித்தான் வருகிறேன். அதனால்தான் பதில் எழுத நாளாகிவிட்டது.

பிரகதி உன்னைக் கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி
அறிவு


மன்னார்குடி
12.3.2023

அன்புத் தம்பிக்கு,

லெட்டர் வந்தது. நீங்கள் நன்றாக இருப்பது கேட்டு நிம்மதி. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, வலி குறைந்திருக்கிறது.

ஆனால் இங்கே ஒன்று நடந்துவிட்டது. உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்.

போன மாசம் வடுவூர்ப் பக்கம் எழுபத்தெட்டு வயசுக் கிழவி ஒருத்தியை வரைந்தேன். படத்திறப்பு அன்றைக்குத் துணியை இழுத்தார்கள். பெரிய மகன் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எங்கம்மா மாதிரிதாம்மா இருக்கு. ஆனா எங்கம்மா என்னைய இப்படிப் பாக்க மாட்டாங்க" என்றார். மகள் பயந்து உள்ளே போய்விட்டாள். சாயந்தரமே படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டார்கள்.

புகழேந்தி அதையும், சட்டம் போடக் கடையில் கிடந்த வேறு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தார். மூன்று ஊர், மூன்று கிழவி. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாருக்கா இந்தப் புள்ள?" என்று கேட்டார். நானும் அப்போதுதான் பார்த்தேன். மூன்று பேருக்கும் கயலின் கண். சுருங்கின தோலுக்கு உள்ளேயிருந்து ஒன்பது வயசுப் பிள்ளை எட்டிப் பார்க்கிறாள்.

நான் வேண்டும் என்று செய்யவில்லை. கண் வைக்கிற நேரத்தில் கை தன்னால் போய்விடுகிறது. கொடுத்த மற்ற படங்களையும் நினைத்துப் பார்க்கிறேன். ஏழு வீட்டுச் சுவரிலும் அவள்தான் மாட்டிக்கிடக்கிறாள். ஊதுவத்தி கொளுத்தி வைக்கிறார்கள், யாருக்கு என்று தெரியாமல்.

இதற்குள் பேச்சு பரவிவிட்டது. விஷத்தாய் வரைகிற படத்தில் அவள் கொன்ற பெண் வந்து நிற்கிறதாம். ஒப்புக்கொண்டிருந்த இரண்டு வீட்டிலிருந்தும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்காரி கமருன்னிஸா மட்டும், "என் வீட்டு மாடியில நீ மவுத்தானவங்களா வரஞ்சு வச்சிருக்க, நான் எந்தப் பயத்துல படிக்கட்டு ஏறுவேன்" என்று சிரித்துவிட்டு, எப்போதும்போல மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள்.

தம்பி, எனக்கு இது ஒன்றுதான் வேலை. பத்துப் பாத்திரம் தேய்க்கக்கூட எவரும் உள்ளே விடாத காலத்தில், ஒரு வீட்டுக்காரர்கள் என் எதிரில் உட்கார்ந்து, எங்கள் அம்மாவைக் கொடு என்று கேட்டார்கள். அதுவும் போனால் விஷத்தாய் என்கிற பேரோடு மட்டும் நான் இருக்க வேண்டும்.

அவள் முகம் எது, அடுத்தவர் முகம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மனசிலிருந்து போட்டுப் போட்டு அவள் முகம் கரைந்துபோய் எல்லா முகத்திலும் கலந்துவிட்டது. ஒரே ஒரு தடவை நிஜத்தைப் பார்த்துவிட்டால் பிரித்துவிடுவேன். அவள் படித்த ஸ்கூலில் படம் கேட்கப் போனேன், கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கெட்ட போனைக்கூட ரிப்பேர் கடையில் கொடுத்தால் உள்ளே இருக்கிறதை எடுக்கலாம் என்கிறார் புகழேந்தி. போனை அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முந்தின வருஷம் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் களைமருந்து வாங்கி வந்து மோட்டார் கொட்டகையில் வைத்தது நான்தான். மிச்சத்தைக் கொட்டினேனா, அப்படியே விட்டேனா என்று எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. போலீஸ் பாட்டிலைக் காட்டி உன்னோடதா என்று கேட்டபோது அதனால்தான் தலையாட்டினேன். ஊர் சொல்கிற மாதிரி நான் கொடுக்கவில்லை. ஆனால் வைத்தது நான்தான். அதனால் அவள் என்னை இப்படிச் சுற்றிச் சுற்றி வருவது நியாயம்தான்.

பிரகதீஸ்வரிக்கு என் அன்பு.

அக்கா


மன்னார்குடி
30.4.2023

தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏழு வாரம் ஆயிற்று. நான் எழுதினது உனக்குக் கிடைத்ததா?

வேலை எதுவும் வரவில்லை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். நேற்று கமருன்னிஸாவை உட்கார வைத்து வரைந்து பார்த்தேன். உயிரோடு எதிரில் இருக்கிறவளை வரைந்தால் சரியாக வரும் என்று நினைத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளிடமும் வந்துவிட்டது.

போனைப் பார்சலில் போடு. இல்லையென்றால் பஸ் ஏறி ஒருநாள் வந்து போ. திருத்துறைப்பூண்டியில் ஒரு பஸ் மாறினால் போதும். நீ அங்கே போய் மூன்று வருஷம் ஆகிறது, ஒருதடவைகூட வரவில்லை.

அக்கா கண்ணாத்தாள்


கோடியக்கரை
14.8.2023

மரியாதைக்குரிய அண்ணிக்கு, பிரகதீஸ்வரி வணக்கத்துடன் எழுதுகிறேன்.

நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? முட்டி வலி தேவலையா? நாம் நேரில் பார்த்ததில்லை, ஆனால் உங்கள் கடிதங்களை நான் படித்திருக்கிறேன். அவர் படித்துவிட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிடுவார். படித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பதில் எழுதுங்கள் என்று நானும் நச்சரித்துவிட்டேன். எழுதுறேன் எழுதுறேன் என்பார், பேனாவை எடுப்பார், எழுந்து பறவை பார்க்க வந்தவர்கள் மாதிரி கடற்கரைப் பக்கம் போய்விடுவார்.

ஒரு சந்தோஷம். எனக்கு நாலு மாசம். வாந்திதான் தாங்க முடியவில்லை. மற்றபடி டாக்டரம்மா நன்றாக இருக்கிறது என்றார்கள்.

போன வாரம் பெட்டியை ஒழிக்கும்போது அவருடைய பழைய சர்டிபிகேட்டுகளுக்கு அடியில், வேட்டித் துணியில் சுற்றி ஒரு போன் இருந்தது. சார்ஜ் போட்டேன், ஓடியது. உப்புத் தண்ணீரில் விழுந்த போன் இத்தனை நன்றாக ஓடுமா என்று எனக்கே ஆச்சரியம். அதில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு படம்தான் வைத்திருந்தார். நீங்கள் எழுதியிருந்தீர்களே, தலைப்பாகட்டு கட்டின படம். அதுதான். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்படிச் சிரிக்கிறாள் பாருங்கள்.

வேதாரண்யத்தில் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு, இத்துடன் அட்டை வைத்து அனுப்பியிருக்கிறேன். மடங்காமல் வர வேண்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் அவர் மனசிலும் பாரம் குறையும். பாவம் அண்ணி, அக்கா மகளை நினைத்து இப்போதும் தூக்கத்தில் பேசுகிறார்.

நீங்கள் ஒருதடவை வந்து எங்களோடு பத்து நாள் இருக்க வேண்டும்.

அன்புடன்
பிரகதீஸ்வரி


மன்னார்குடி
21.8.2023

அன்பான பிரகதீஸ்வரிக்கு,

படம் மடங்காமல் வந்தது.

உனக்கு நாலு மாசம் என்று கேட்டு மனசு நிறைந்தது. வாந்திக்கு நெல்லிக்காய் வாயில் அடக்கிக்கொள். பாரம் தூக்குகிற வேலை எதுவும் செய்யாதே.

கயல் முகத்தைப் பார்த்துவிட்டேன். நீ செய்தது பெரிய உதவி. படம் அனுப்பியதை நீ அவனிடம் சொல்ல வேண்டாம். நானே எழுதிக்கொள்கிறேன்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்ணாத்தாள்


மன்னார்குடி
17.9.2023

அறிவுக்கு,

நான் நலம்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வேண்டும், கேட்டுக்கொள்கிறேன்.

தலைப்பாகட்டுப் படம் என்னிடம் வந்துவிட்டது. பிரகதீஸ்வரியைத் திட்டாதே. நல்லது செய்கிறோம் என்று செய்தாள்.

முதல் மூன்று நாள் நான் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். இத்தனை நாள் தப்பாகப் போட்டிருக்கிறேன் தம்பி. சிரித்தால் அவளுக்கு இடது கண் சின்னதாகிவிடும். அதை நான் மறந்தே போயிருந்தேன். மேல் பல் ஒன்று விழுந்திருக்கிறது. அது விழுந்தபோது கூரை மேல் எறிய வேண்டும் என்று அழுதாள், அதுவும் மறந்துவிட்டது. பெற்றவளுக்கே மறந்துபோகும் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நாலாவது நாள்தான் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன்.

மோட்டார் கொட்டகைச் சுவர். அதன் அடியில் புது மருந்து டப்பா, மூடி திறந்திருக்கிறது. பக்கத்தில் கூல்டிரிங்ஸ் பாட்டில். பாட்டில் வாயில் புனல் செருகி இருக்கிறது. பாதி ஊற்றியாயிற்று. அவள் தலையில் கட்டியிருப்பது உன் நீலத் துண்டு. அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே நான் களை எடுக்க அடுத்த ஊருக்குப் போய்விட்டேன், உன் மாமா அதற்கு முன்னாலேயே சண்டை போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். கொல்லையில் நீயும் அவளும்தான்.

நான் வைத்த மருந்து இல்லை அது.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாலு வாரம் ஆகியிருக்கிறது. நாலு வருஷமாக நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினாலு மாசம் ஜெயிலில் நான்தான் என்று நினைத்துத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். அவள் எல்லா முகத்திலும் வந்தபோதும் என்னைக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அதையும் உனக்கு மார்ச் மாசம் எழுதினேன். நீ படித்தாய். படித்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாய்.

போலீசுக்குப் போகவில்லை. வக்கீலிடம் போகவில்லை. புகழேந்திக்கும் காட்டவில்லை. கயலை வரைந்துவிட்டேன். கார்த்திகையில் அவள் போன நாளுக்கு அடுத்த ஞாயிறு, நவம்பர் 26, காலை பத்து மணிக்கு இங்கேயே தெருவில் பந்தல் போட்டுப் படத்திறப்பு. என்னை விஷத்தாய் என்று சொன்னவர்களையும் கூப்பிடப் போகிறேன்.

அவளுக்குக் காது குத்தினபோது உன் மடியில்தான் உட்கார்ந்தாள். வயசுக்கு வந்திருந்தால் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டியவன் நீ. மாமன் முறை செய்ய அவளுக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். துணியை நீதான் இழுக்க வேண்டும்.

என்ன வரைந்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

உன் அக்கா
கண்ணாத்தாள்


கோடியக்கரை
29.10.2023

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இது எத்தனையாவது தாள் என்று எனக்கே தெரியவில்லை.

ஆமாம் அக்கா. நான்தான்.

அரை மா நிலத்துக்கு ஒரு லிட்டர் மருந்து எதற்கு என்று பக்கத்து வயல்காரரும் நானும் சேர்ந்து வாங்கினோம். எல்லாரும் செய்வதுதானே. அவர் பங்கை ஊற்றிக் கொடுக்கப் பாட்டில் தேடினேன். கொட்டகையில் காலியாக ஒன்று கிடந்தது. பாதி ஊற்றும்போது கயல் வந்து என் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, மாமா நான் நாட்டாமை, எடு என்றாள். எடுத்தேன். அப்புறம் மருந்தடிக்கிற மிஷின் இரவல் வாங்க நாலு வயல் தள்ளிப் போனேன். பாட்டிலைத் தூக்கி மேலே வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவளுக்குத் தாகமாக இருக்கும் என்று தோன்றவில்லை. அரை மணிதான். திரும்பி வந்தபோது பாட்டில் கையில் இருந்தது. நல்லாவே இல்ல மாமா இந்தக் கலரு என்றாள்.

மருந்து டப்பாவை வாய்க்காலில் போட்டேன். போலீஸ் கேட்டபோது வாய் வரவில்லை. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நிற்கும்போது அவர்கள் உன்னைக் கேட்டார்கள், நீ தலையாட்டினாய். அக்கா, நீ தலையாட்டியது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் உண்மை. அதற்கு அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது. அந்த டீ வீடியோ வந்தபோது என் எதிரிலேயே நாலு பேர் பார்த்துத் திட்டினார்கள். நானும் அங்கே நின்றேன்.

போட்டோவை அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. துணியில் சுற்றி வைத்தேன்.

பிரகதிக்கு ஏழு மாசம். அவளுக்கு எதுவும் தெரியாது. என்னை என்ன வேண்டுமானாலும் செய். தெருவில் வைத்து மட்டும் வேண்டாம். நீ பட்டதைப் பார்த்தவன் நான், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல் அக்கா. படத்தில் அந்தப் பாட்டில் இருக்கிறதா?

அறிவு


மன்னார்குடி
5.11.2023

அறிவுக்கு,

உன் லெட்டர் வந்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை கமருன்னிஸாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வேறு ஆள் குரலில் கேட்டால்தான் நிஜம் என்று நம்பிக்கை வந்தது.

நல்லாவே இல்ல மாமா என்றாளா. அதை நீயாவது எனக்குச் சொன்னாயே.

நீ கேட்டதை வந்து பார்த்துக்கொள். 26, ஞாயிறு, பத்து மணி. வந்தால் வா. வராவிட்டால் நானே இழுத்துக்கொள்வேன்.

கண்ணாத்தாள்


கோடியக்கரை
3.12.2023

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? எனக்குக் கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி குழந்தை நன்றாக அசைகிறது. மாசமாக இருக்கிறவள் துக்க காரியத்துக்குப் போகக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டதால்தான் நான் படத்திறப்புக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணி, அங்கே என்ன நடந்தது? போய்விட்டு வந்ததிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார். நேற்று பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். "அக்காகிட்ட கேளு. அவ என்ன எழுதுறாளோ அது அத்தனையும் நிஜம்" என்றார். நான் அனுப்பிய படத்தால் ஏதாவது வந்துவிட்டதா?

எதுவாக இருந்தாலும் எழுதிவிடுங்கள்.

உங்கள்
பிரகதீஸ்வரி


மன்னார்குடி
10.12.2023

அன்பான பிரகதீஸ்வரிக்கு,

நான் நலம். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை, படுக்கும்போது காலுக்குத் தலையணை வை. இதைப் படிக்கும் முன்னால் உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். நீ செய்தது எதுவும் தப்பில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவன் சொல்ல வேண்டியதை நான் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அவனே கேட்கச் சொன்னதால் எழுதுகிறேன்.

பந்தலுக்கு அறுபது பேர் வந்தார்கள். பாதிப்பேர் துக்கத்துக்கு வந்தவர்கள், மீதிப்பேர் விஷத்தாய் என்ன செய்யப் போகிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பத்தே காலுக்கு உன் வீட்டுக்காரன் வந்தான். வெள்ளைச் சட்டை, முகச்சவரம் செய்யவில்லை. புகழேந்தி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தாய்மாமன் திறந்து வைப்பார் என்றார்.

துணியை இழுத்தான். கயல் வந்தாள். நீலத் தலைப்பாகட்டு, விழுந்த பல், சின்னதாகிப்போன இடது கண். கூட்டத்தில் ஒரு பொம்பளை அட என் தங்கமே என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் தேடினான். மேலே கீழே, சட்டத்தின் ஓரம் வரைக்கும் தேடினான். அங்கே வெறும் சுவர்தான். நான் ஒன்றும் வைக்கவில்லை.

வைத்துத்தான் முதலில் வரைந்தேன் பிரகதீ. டப்பா, புனல், பாட்டில் எல்லாம் அப்படியே. ஒரு வாரம் பார்த்தேன். அது கயலின் படமாக இல்லை, கேஸ் கட்டு மாதிரி இருந்தது. பிள்ளை அங்கேயும் சாட்சிதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழித்துவிட்டு அவளை மட்டும் வரைந்தேன்.

அவன் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கலாம். கமருன்னிஸாவையும் என்னையும் தவிர ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், இது சத்தியம். துணியைக் கையில் சுருட்டிக்கொண்டான். அப்புறம் திரும்பினான்.

"மருந்த பாட்டில்ல ஊத்தி வச்சது நான்தான். எங்கக்கா இல்ல. போலீஸ்கிட்ட நான் சொல்லல."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அன்றைக்கு நடந்தது அதுதான் பிரகதீ. கயல் தாகத்துக்குக் குடித்த பாட்டிலில் மருந்து ஊற்றி வைத்துவிட்டுப் போனது அவன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நான் உள்ளே போனபோது தெரிந்தே சும்மா இருந்தான். இது இரண்டும் வேறு வேறு. முதலாவதை என்னால் தாங்க முடிகிறது.

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருத்தன் போனை உயரத் தூக்கினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, முட்டி வலி ஞாபகமே இல்லை. போய் உன் வீட்டுக்காரன் முன்னால் நின்று அவனை மறைத்துக்கொண்டேன். "எடுக்காதீங்க. நாளைக்கு அவன் ஒரு டீ குடிச்சாக்கூட எடுத்துப் போடுவீங்க" என்றேன். போனை இறக்கினார்கள். ஒருத்தன் இறக்கவில்லை, கமருன்னிஸா போய் அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவ்வளவு நேரமும் அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பிடாமல் போய்விட்டான். போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று புகழேந்தியிடம் சொன்னானாம். போகச் சொல்லவும் மாட்டேன், வேண்டாம் என்று தடுக்கவும் மாட்டேன்.

மறுநாள் தெருவில் இரண்டு பொம்பளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார்கள். எனக்குக் கேட்டுக்கொள்ள வரவில்லை. போன வாரம் வடுவூரிலிருந்து அந்தப் பெரிய மகன் திரும்பி வந்து அம்மாவை மறுபடி வரைந்து கொடுங்கள் என்றார். வரைந்தேன். கண் வைத்தேன். கிழவியின் கண்தான் வந்தது. அவருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முன்பு வரைகிற எல்லா முகத்திலும் வந்தாள், இப்போது ஒரு படத்தில்தான் இருக்கிறாள்.

நீ பயப்படாதே. உன் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் எந்தப் பகையும் இல்லை. பிறந்ததும் எழுது, ஓடி வருவேன். அவன் வெளியில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவேன்.

அவனிடம் இதைச் சொல். கயலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வரலாம், படம் முன்னறையில்தான் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் நான் புகழேந்தி கடையில் இருப்பேன், சாவி கமருன்னிஸாவிடம் இருக்கும். எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

என்னைப் பார்க்க இன்னும் நாளாகும்.

உடம்பு பத்திரம்.

கண்ணாத்தாள்